முன்காத்துக்கு மார்க் உண்டு, பக்கக் காத்துக்கு?

ஆடிக்காத்துல அம்மியே பறக்கும்னு சொல்லுவாங்க. அம்மி பறந்து நான் பாத்ததில்ல. ஆனா ஆயிரம் கிலோவுக்கு மேல இருக்குற கார் பக்கவாட்டுல நகர்றதை, அதுக்குள்ள உக்காந்துகிட்டே பாத்திருக்கேன். பி.காம். படிக்கிற பய ஏரோடைனமிக்ஸ் பத்தி ஏன் எழுதுறான்னு கேக்குறவங்களுக்கு பதில் இதுதான். பயம் வந்தா பாடத்திட்டம் எல்லாம் பாக்க முடியாது மக்கா :-)

இன்னொரு காரணமும் இருக்கு. எங்க வீட்டுல பழைய காரைக் குடுத்துட்டு வேற கார் வாங்கலாம்னு பேச்சு. "நீதான காமர்ஸ் படிக்க, கணக்குப் போட்டுச் சொல்லு"ன்னு நாலு கம்பெனி புரோஷரை சித்தப்பா என் கையில திணிச்சிட்டார். விலை, மைலேஜ், சர்வீஸ் செலவு, அஞ்சு வருஷம் கழிச்சு என்ன விலைக்குப் போகும், எல்லாத்துக்கும் கட்டம் போட்டேன். அம்மா மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "காத்துல ஆடாத கார் எதுல?"

நாலு புரோஷரையும் புரட்டிட்டேன். கப் ஹோல்டர் எத்தனைன்னு இருக்கு. சன்ரூஃப் எவ்வளவு திறக்கும்னு இருக்கு. அம்மா கேட்ட கேள்விக்கு ஒரு வரி கூட இல்ல.

அம்மா ஏன் அப்படிக் கேட்டாங்கன்னு முதல்ல சொல்லிடறேன்.

நாங்க நாகர்கோவில். ஆச்சி இருக்கிறது பாளையங்கோட்டையில. ஆச்சிக்கு உடம்புக்கு முடியாததால வாரம் ஒரு தடவையாவது அம்மா போயாகணும். சித்தப்பாதான் கார் ஓட்டுவார். நாகர்கோவில்ல இருந்து ஆரல்வாய்மொழி கணவாய் வழியா, முப்பந்தல் காத்தாலைகளைத் தாண்டி காவல்கிணறு. அங்கிருந்து நாலுவழிச்சாலையில பணகுடி, வள்ளியூர், நாங்குநேரி, அப்புறம் திருநெல்வேலி. தென்மேற்குப் பருவக்காத்து மேற்குத்தொடர்ச்சி மலையில முட்டி, இடைவெளி கிடைச்ச இடத்துல புனல்ல ஊத்துன தண்ணி மாதிரி வேகமெடுத்து வெளிய வரும். அதனாலதான் அங்க அத்தனை காத்தாலை.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. கணவாய்க்குள்ள போகும்போது காத்து பெரும்பாலும் நம்ம முதுகுல இருந்து தள்ளும். கார் ஜம்முனு போகும், டிரைவருக்கும் உற்சாகமா இருக்கும். காவல்கிணறு தாண்டி ரோடு வடக்கே திரும்பினதும் அதே காத்து இடது விலாவுல இடிக்க ஆரம்பிக்கும். காத்து மாறல, ரோடுதான் திரும்பிச்சு. ஆனா காருக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

போன வருஷம் ஆனி மாசம், பணகுடி பக்கத்துல, இடது லேன்ல போய்ட்டிருந்த ஒரு பெரிய கன்டெய்னர் லாரியை சித்தப்பா ஓவர்டேக் பண்ணார். வேகம் நூறுக்குப் பக்கம். லாரிக்குப் பக்கத்துல வந்ததும் கார் தானா லாரி பக்கம் சாஞ்சுது. சித்தப்பா வலதுபக்கம் ஒடிச்சார். அதே நேரம் லாரியோட மூக்கைத் தாண்டி வெளிய வந்துட்டோம். யாரோ பளார்னு அறைஞ்ச மாதிரி கார் வலதுபக்கம் பாய்ஞ்சுது. நடுத்தடுப்பு அரளிச்செடி கண்ணாடியில உரசுற சத்தம் இன்னும் காதுல இருக்கு. அம்மா "முருகா"ன்னு கத்தினது அதைவிட சத்தமா இருக்கு.

வள்ளியூர்ல டீக்கடையில நிறுத்தினோம். சித்தப்பாவுக்கு கை நடுக்கம் நிக்கல. "வண்டில என்னமோ கோளாறு மைனி, அலைன்மென்ட் போயிருக்கும்"னு அம்மாகிட்ட சொன்னார். ரெண்டு நாள் கழிச்சு ஒர்க்‌ஷாப்ல விட்டா, மெக்கானிக் எல்லாத்தையும் பாத்துட்டு "வண்டி நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி, காத்துதான்"னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டார். அதுல இருந்து ஆவணி முடியுற வரைக்கும் அம்மா கார்ல ஏறல. பஸ்சுலதான் போனாங்க. ரெண்டு பஸ் மாறி, கால் வலியோட.

காத்துதான்னா என்ன காத்து? அது எப்படி ஒரு காரைத் திருப்பும்? அதைத் தேடிப் படிச்சதுதான் இனிமே வர்றது.

*முன்னால வர்ற காத்து*

கார் விளம்பரத்துல ஒரு எண்ணைப் பெருமையா போடுவாங்க. டிராக் கோஎஃபிஷியன்ட். நேர் முன்னால வர்ற காத்தை எவ்வளவு சுலபமா கிழிச்சிட்டுப் போகுதுங்கிறதுக்கான மார்க். இந்த மார்க் குறைவா இருந்தாதான் நல்லது. சாதாரண காருக்கு 0.30-க்கு அக்கம்பக்கம் இருக்கும். 2021-ல மெர்சிடிஸ் கம்பெனி அறிமுகப்படுத்தின இ.க்யூ.எஸ். மின்சார காருக்கு 0.20-ன்னு அறிவிச்சாங்க. இந்த எண் குறைஞ்சா பெட்ரோல் மிச்சம், பேட்டரி கார்னா கூடுதல் தூரம். அதனால விளம்பரத்துக்கு தோதான எண்.

ஆனா அது நேர் எதிரே காத்து வர்றதா வச்சுக்கிட்டு எடுக்குற எண். நிஜ ரோட்டுல காத்து எப்பவும் நேரா வராது.

ஒரு கணக்கு பாப்போம். கார் 100 கி.மீ. வேகத்துல போகுது. பக்கத்துல இருந்து சரியா செங்குத்தா 40 கி.மீ. வேகத்துல காத்து அடிக்குது. பத்தாம் வகுப்பு பிதாகரஸ் தேற்றத்தை எடுத்துக்குங்க. காருக்கு "தெரியுற" காத்து ரெண்டும் சேர்ந்தது. வேகம் கிட்டத்தட்ட 108 கி.மீ., திசை முன்னால இருந்து சுமார் 22 டிகிரி சாய்வா. அதாவது கார் தன்னோட மூக்கை காட்ட வேண்டிய காத்துக்கு கன்னத்தைக் காட்டிட்டுப் போகுது.

இந்த 22 டிகிரி சாய்வுல ஒரு நடுத்தரக் காருக்கு எவ்வளவு பக்க விசை வரும்னு உத்தேசமா போட்டுப் பாத்தேன். 80, 90 கிலோ எடை பக்கவாட்டுல சாய்ஞ்சு தள்ளுற அளவு வருது. ஒரு தடியான ஆள் கார் மேல சாஞ்சு நிக்கிற மாதிரி. அவ்வளவுதானான்னு தோணும். டயருக்கு அது பெரிய பாரமே இல்ல. அந்த ஆள் அசையாம சாஞ்சு நின்னா நமக்கும் பிரச்சினை இல்ல. ஸ்டியரிங்கைக் கொஞ்சம் காத்துப் பக்கம் பிடிச்சுக்கிட்டுப் போய்ட்டே இருக்கலாம்.

பிரச்சினை ரெண்டு. ஒண்ணு, அவர் காரோட நடுவுல சாயறதில்ல. ரெண்டு, அவர் அசையாம நிக்கிறதில்ல.

*வால் இல்லாத பட்டம்*

அம்புக்குப் பின்னால இறகு கட்டுறது எதுக்கு? பக்கத்துல இருந்து காத்து தள்ளினா பின்பக்கம் அதிகமாத் தள்ளப்படும், அம்போட முனை காத்தை நோக்கித் திரும்பும், தானா நேராகிக்கும். பட்டத்துக்கு வால் கட்டுறதும் ஏறக்குறைய இதுக்குத்தான்.

கார் இதுக்கு நேர் எதிர். கார் மேல பக்கக் காத்தோட தள்ளல் எல்லாம் கூடி எந்தப் புள்ளியில விழுதுன்னு பாத்தா, அது காரோட எடை மையத்துக்கு முன்னால, முன் சக்கரங்கள் பக்கமா இருக்கு. காரணம், காத்து முதல்ல மோதுறது மூக்கு மூலையில. அந்தப் பக்கம் அழுத்தம் ஏறுது. மூக்கைச் சுத்தி வேகமா வளைஞ்சு போற காத்து மறுபக்கம் உறிஞ்சுது. ரெண்டும் ஒரே திசையில மூக்கைத் தள்ளுது. அதனால கார் வெறுமனே பக்கவாட்டுல நகராம, மூக்கைக் காத்து போற பக்கமாவே திருப்புது. இறகை முன்னால கட்டின அம்பு மாதிரி.

பின்பக்கம் எப்படி இருக்குங்கிறதும் முக்கியம். பின்பக்கம் நல்லா உருண்டையா வழுவழுன்னு இருந்தா காத்து அதைத் தழுவிக்கிட்டு வழுக்கிப் போயிடும், பின்பக்கத்தைத் தள்ளாது. முன்னால தள்ளல், பின்னால ஒண்ணுமில்லைன்னா கார் சுலபமா திரும்பும். பின்பக்கம் பெட்டி மாதிரி சதுரமா, மூலை கூர்மையா இருந்தா பின்பக்கமும் கொஞ்சம் தள்ளப்படும். அது மூக்கோட திருப்பத்தை சமன் பண்ணும்.

ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரை நினைச்சுப் பாருங்க. சினிமாவுல பாக்குற அந்த ஆமை ஓட்டு வடிவக் கார். உலகம் முழுக்க 2 கோடிக்கு மேல வித்தது, 2003-ல மெக்சிகோவுல கடைசிக் கார் வெளிவந்தது. பின்பக்கம் உருண்டை. இன்ஜினும் பின்னால. அதனால எடை மையமும் பின்னால. காத்து தள்ளுற புள்ளிக்கும் எடை மையத்துக்கும் இடைவெளி அதிகம். பக்கக் காத்துல அந்தக் கார் ஆடுறது ஓட்டினவங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச விஷயம். இப்போ பெரும்பாலான சின்னக் கார்ல இன்ஜின் முன்னாலதான். அந்த வகையில நம்ம அதிர்ஷ்டசாலிகள்.

அப்போ உயரமான, பெட்டி மாதிரி இருக்குற சின்னக் கார்? அது மூக்கைத் திருப்புறது குறைவா இருக்கலாம். ஆனா பக்கச் சுவர் பெருசு, எடை கம்மி, உயரம் அதிகம். மொத்தமா நகர்றதும், மேல்பாகம் சாயறதும் கூடுதல். தாழ்வான வழுவழு காருக்கு ஒரு வியாதி, உயரமான பெட்டிக் காருக்கு வேற வியாதி. "எந்த வடிவம் நல்லது"ன்னு ஒரே வரியில பதில் சொல்ல முடியாது. வாங்குறவன் கண்ணால பாத்து கண்டுபிடிக்கவும் முடியாது.

*காத்து இல்ல, காத்தோட மாற்றம்*

இப்போ ரெண்டாவது பிரச்சினை. இதுதான் எனக்கு ரொம்ப முக்கியமாப் பட்டது.

ஜெர்மனியில ஃபிராங்க்ஃபர்ட்டுக்கும் டார்ம்ஸ்டாட்டுக்கும் இடையில ஒரு ஆட்டோபான் சாலை. 1938 ஜனவரி 28. காலையில மெர்சிடிஸ் கார்ல ருடால்ஃப் கராச்சியோலா மணிக்கு 432.7 கி.மீ. வேகம் போய் சாதனை பண்ணார். பொதுச்சாலையில ஓட்டின வேகத்துல அந்தச் சாதனையை 2017 வரைக்கும் யாரும் முறியடிக்கல. அன்னைக்கே போட்டிக் கம்பெனியான ஆட்டோ யூனியன் காரை எடுத்துக்கிட்டு பெர்ண்ட் ரோஸ்மையர் கிளம்பினார். வயசு 28. காத்தைக் கிழிக்கிறதுக்குன்னே சக்கரத்தை எல்லாம் மூடி, வழுவழுன்னு செஞ்ச கார். ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் காடு. காடு காத்தைத் தடுத்துக்கிட்டு இருந்தது. ஒரு இடத்துல மட்டும் மரம் இல்லாத வெட்டவெளி. அந்த இடத்துல கார் தடம் புரண்டு ரோஸ்மையர் இறந்துட்டார். காரோட பக்கத் தகடு பிய்ஞ்சதுதான் காரணம்னு வாதம் பண்றவங்களும் உண்டு. ஆனா அந்த வெட்டவெளியில அடிச்ச பக்கக் காத்தைத்தான் பெரும்பாலானவங்க காரணமா சொல்றாங்க. இப்பவும் அந்த ரோட்டோரத்துல அவருக்கு நினைவுச்சின்னம் இருக்கு.

430 கி.மீ. வேகத்துக்கும் நம்ம பணகுடிக்கும் என்ன சம்பந்தம்? காடு இருந்த வரைக்கும் காத்து இல்ல. காடு முடிஞ்ச இடத்துல காத்து. அந்த மாற்றம்தான் சம்பந்தம். எங்களுக்குக் காட்டுக்கு பதிலா கன்டெய்னர் லாரி.

இப்போ சித்தப்பாவுக்கு என்ன நடந்ததுன்னு திரும்பப் பாருங்க. காத்து இடதுபக்கம் இருந்து வருது. அதை சமாளிக்க அவர் கை, அவருக்கே தெரியாம, ஸ்டியரிங்கை இடதுபக்கம் துளி திருப்பி வச்சிருக்கு. லாரிக்குப் பக்கத்துல வந்ததும் லாரி காத்தை மறைச்சிடுது. தள்ளுற காத்து இல்ல, திருப்பி வச்ச ஸ்டியரிங் மட்டும் அப்படியே இருக்கு. கார் லாரி பக்கம் போகுது. அதுக்கு வலதுபக்கம் ஒடிக்கிறார். லாரியைத் தாண்டினதும் மறைவு போய் முழுக்காத்தும் ஒரே நொடியில அடிக்குது. காத்தும் வலதுபக்கம் தள்ளுது, ஸ்டியரிங்கும் வலதுபக்கம் இருக்கு. ரெண்டும் கூட்டு சேர்ந்துடுச்சு. இது வண்டிக் கோளாறும் இல்ல, தெரியாத ஆள் ஓட்டினதும் இல்ல. மனுஷன் கை ஒரு நொடி பின்தங்கித்தான் பதில் சொல்லும். காத்து அந்த ஒரு நொடிக்குக் காத்திருக்காது.

அந்த ஒரு நொடியோட விலை என்னன்னும் கணக்குப் பாத்தேன். காம்பஸ் பாக்ஸ்ல இருக்குற கோணமானியில ரெண்டே ரெண்டு டிகிரி எவ்வளவு சின்னதுன்னு பாத்துக்குங்க. கார் மூக்கு அவ்வளவு திரும்பி, ஒரு நொடி அப்படியே போச்சுன்னா, 100 கி.மீ. வேகத்துல கிட்டத்தட்ட ஒரு மீட்டர் பக்கவாட்டுல போயிருக்கும். நெடுஞ்சாலை லேன் அகலம் 3.5 மீட்டர். கார் அகலம் 1.7 மீட்டர்னு வச்சா, லேன் நடுவுல போனாலும் ஒவ்வொரு பக்கமும் மிச்சம் 90 சென்டிமீட்டர்தான். முடிஞ்சுது கதை. அதே ரெண்டு டிகிரி 60 கி.மீ. வேகத்துலன்னா 58 சென்டிமீட்டர். லேனுக்குள்ளேயே இருக்கோம்.

தள்ளுற விசையும் குறையுது. அதே 40 கி.மீ. காத்துக்கு, வேகத்தை 100-ல இருந்து 60-க்குக் குறைச்சா, பக்க விசை ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு குறையும். நமக்கு காத்தைக் குறைக்க வழியில்ல. ஆனா காத்து நம்மளைத் தள்ளுற விசையில ஒரு பகுதி நம்ம ஆக்ஸிலரேட்டர்ல இருந்துதான் வருது.

பாலம் கட்டுறவங்களுக்கு இந்த மாற்றம்ங்கிற விஷயம் நல்லாத் தெரியும். ஸ்காட்லாந்துல ஃபோர்த் முகத்துவாரத்து மேல 1964-ல திறந்த பாலத்துல, காத்து அதிகமானா உயரமான வண்டிகளைத் தடுக்க வேண்டி வரும். பக்கத்துலயே 2017-ல திறந்த குவீன்ஸ்ஃபெரி பாலத்துல ரெண்டு ஓரத்துலயும் ஆள் உயரத்தைவிட அதிகமா காத்துத் தடுப்பு வச்சே கட்டினாங்க. பெரிய பாலத்துல தூண் கோபுரத்துக்குப் பின்னால போகும்போது ஒரு கணம் காத்து நின்னு, தாண்டினதும் திரும்ப அடிக்கும். எங்க லாரி செஞ்ச வேலையை அங்க கோபுரம் செய்யும்.

*அப்போ புரோஷர்ல ஏன் இல்ல?*

இங்கதான் என் சப்ஜெக்ட் வருது.

இதை அளக்கவே முடியாதுன்னு நினைச்சுக்காதீங்க. ஐ.எஸ்.ஓ. 12021-னு ஒரு சர்வதேசத் தரமுறையே இருக்கு. ரோட்டோரம் வரிசையா ராட்சச ஃபேன் வச்சு, ஸ்டியரிங்கை அசைக்காமப் பிடிச்சுக்கிட்டு காரை அதுக்குக் குறுக்கே ஓட்டி, எவ்வளவு விலகுது, எவ்வளவு வேகமா திரும்புதுன்னு அளக்குற முறை. விண்ட் டனல்லயும் காரைச் சாய்வா திருப்பி வச்சுப் பாக்க முடியும். பின்விளக்கு ஓரத்துல சின்னதா கூர்மையான விளிம்பு வச்சிருக்கே சில கார்ல, அது ஸ்டைலுக்கு மட்டும் இல்ல. காத்து எந்த இடத்துல காரை விட்டுப் பிரியணும்னு கணக்குப் போட்டு வச்சது. அளவு டிசைன் பண்றவங்ககிட்ட இருக்கு, வாங்குறவன் கைக்கு வரல.

ஜார்ஜ் அக்கர்லாஃப்னு ஒரு பொருளாதார நிபுணர் 1970-ல ஒரு கட்டுரை எழுதினார். பழைய கார் சந்தையை உதாரணமா வச்சே எழுதினது. விக்கிறவனுக்குத் தெரிஞ்சது வாங்குறவனுக்குத் தெரியலைன்னா நல்ல சரக்குக்குத் தகுந்த விலை கிடைக்காதுங்கிறதுதான் சாரம். 2001-ல அவருக்கும் இன்னும் ரெண்டு பேருக்கும் சேர்த்து நோபல் பரிசு குடுத்தாங்க. பரீட்சைக்கு இதை மனப்பாடம் பண்ணப்போ புரியாதது, நாலு புரோஷரை மேசையில பரப்பி வச்சப்போ புரிஞ்சுது. ஒரு கம்பெனி கஷ்டப்பட்டு காத்துல ஆடாத கார் செஞ்சாலும் எங்க அம்மாவுக்கு அது தெரிய வழியில்ல. தெரியாததுக்கு அம்மா பத்தாயிரம் ரூபாய் கூட குடுக்க மாட்டாங்க. அப்போ அந்தக் கம்பெனி எதுக்குக் கஷ்டப்படணும்?

இதை மாத்த முடியாதுன்னு இல்ல. 2014-ல குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவுல விக்கிற கார்களை மோத விட்டு ரிசல்ட்டை வெளியிட்டுது. பல கார் ஒரு ஸ்டார் கூட வாங்கல. 2023 அக்டோபர்ல நம்ம அரசாங்கமே பாரத் என்கேப் ஆரம்பிச்சுது. இப்போ எங்க சித்தப்பாவே ஷோரூம்ல நுழைஞ்சதும் "எத்தனை ஸ்டார்?"னு கேக்கார். எண் வந்தாத்தான் கேள்வி வரும். கேள்வி வந்தாத்தான் சரக்கு வரும். மோதினா எப்படின்னு சொல்ல ஸ்டார் இருக்கு. மோதற நிலைமைக்குக் காத்து எவ்வளவு சுலபமாத் தள்ளும்னு சொல்ல ஒண்ணுமில்ல.

*சரி, என்னதான் செய்யலாம்?*

எலக்ட்ரானிக்ஸ் கொஞ்சம் கை குடுக்குது. மெர்சிடிஸ் 2009-ல தன்னோட எஸ் கிளாஸ் கார்லயும், 2013-ல ஸ்பிரின்டர் வேன்லயும் பக்கக் காத்தை சமாளிக்கிற வசதியைக் கொண்டு வந்தது. வேன்ல அது 80 கி.மீ. வேகத்துக்கு மேல வேலை செய்யும். வேன் திடீர்னு திரும்புறதை சென்சார் உணர்ந்து, காத்து வர்ற பக்கத்துச் சக்கரங்களுக்கு மட்டும் லேசா பிரேக் குடுத்து மூக்கை இழுத்துப் பிடிக்கும். சித்தப்பா கை ஒரு நொடி பின்தங்குதுன்னு சொன்னேனே, அந்த நொடியைத்தான் அது மிச்சம் பிடிக்குது. நம்ம பட்ஜெட் கார்ல அதெல்லாம் எதிர்பார்க்க முடியாது. இ.எஸ்.சி.ங்கிற ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இருக்கான்னு மட்டும் கண்டிப்பா பாத்துக்குங்க. அது காத்துக்குன்னே வச்சதில்ல, ஆனா கார் கட்டுப்பாட்டை இழந்து சுழலப் பாத்தா தடுக்கும்.

மத்தபடி நம்ம கையில இருக்குறதைச் சொல்றேன். எல்லாமே மேல சொன்ன கணக்குல இருந்து வர்றதுதான்.

மேல கேரியர்ல மூட்டை கட்டினா காத்துக்குச் சுவர் உயரமாகும், எடையும் மேல போகும். காத்து மாசத்துல தவிர்க்கலாம். டிக்கியில ஓவரா பாரம் ஏத்தினா எடை மையம் பின்னால போகும். பீட்டில் கதைதான். டயர்ல காத்து குறைஞ்சிருந்தா டயர் வளைஞ்சு குடுக்கும், கார் இன்னும் அலையும். ரெண்டு கையும் ஸ்டியரிங்ல இருக்கட்டும், ஆனா இறுக்கிப் பிடிச்சு வெடுக்குனு ஒடிக்க வேண்டாம். காத்து அறைஞ்சதும் பிரேக்கை மிதிக்காம ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தாப் போதும்.

லாரியை முந்தணும்னா அந்த மறைவும் வெளிச்சமும் வரும்னு தெரிஞ்சே முந்தணும். எங்க ரோட்டுல அதைவிட நல்ல வழி, வள்ளியூர் தாண்டி காத்து அடங்குற வரைக்கும் லாரிக்குப் பின்னால தள்ளியே போறது. பத்து நிமிஷம் போகும். சித்தப்பா இப்போ அப்படித்தான் ஓட்டுறார். வேகம் 70-ஐத் தாண்டுறதில்ல. இந்த ஆனியில அம்மா மறுபடி கார்ல ஏறினாங்க. காவல்கிணறு வந்ததும் கண்ணை மூடிக்கிறாங்க, அது வேற விஷயம். ஆனா ஏறினாங்க. வாங்கப்போற காருக்கு எங்க வீட்டுல இப்போ ஒரு நிபந்தனை. டெஸ்ட் டிரைவ் டவுனுக்குள்ள வேண்டாம், சாயங்காலம் காத்து அடிக்கிற நேரத்துல காவல்கிணறு தாண்டி ஓட்டிப் பாக்க விடணும். ஒரு ஷோரூம்காரர் சிரிச்சார். இன்னொருத்தர் "அவ்வளவு தூரமா?"ன்னார். மூணாவது ஆள் சரின்னுட்டார். அவர்கிட்டதான் பேசிக்கிட்டு இருக்கோம்.

கடைசியா, அந்தப் பக்கம் கார்ல போறவங்களுக்கு ஒண்ணு. ஜெர்மனி மாதிரி நாடுகள்ல பக்கக் காத்து அடிக்கிற இடத்துல துணிக்கூம்பு படம் போட்ட எச்சரிக்கைப் பலகை வச்சிருப்பாங்க. நமக்கு முப்பந்தல்ல இருந்து பணகுடி வரைக்கும் அதைவிடப் பெரிய பலகை நூத்துக்கணக்குல நிக்குது. காத்தாலை எப்பவும் காத்து வர்ற திசையைப் பாத்துத் திரும்பி நிக்கும். முன் கண்ணாடி வழியாப் பாக்கும்போது அதோட இறக்கை முழு வட்டமாத் தெரிஞ்சா, காத்து ரோட்டோட நீளத்துக்கு அடிக்குது, பயமில்ல. பக்கத்து ஜன்னல் வழியாப் பாக்கும்போது முழு வட்டமாத் தெரிஞ்சா, காத்து ரோட்டுக்குக் குறுக்கே வருது. காலை எடுங்க மக்கா.